குழந்தைகளோடு ஸ்கூபா: யாரை நம்பி இறங்குவது?

எங்கள் ஊர்ப்பக்கம் நீச்சல் கற்றுக்கொள்வது என்றால் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமாவோ பெரியப்பாவோ தூக்கி உள்ளே போடுவார்கள். தண்ணீர் குடித்து, மூக்கில் ஏறி, அழுது, நாலாவது நாள் தானாகவே நீந்த ஆரம்பித்துவிடுவோம். திண்டிவனம் பக்கத்தில் தாத்தா நிலத்துக் கிணற்றில் நானும் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். அதனால் போன கோடை விடுமுறையில் சித்தப்பா ஸ்கூபா டைவிங் பேச்சை எடுத்தபோது, "கிணத்துல குதிச்ச பரம்பரை, கடல் என்ன பிரமாதம்" என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சித்தப்பா மஸ்கட்டில் வேலை செய்கிறார். வருடம் ஒருமுறை ஒரு மாதம் லீவில் வருவார். தங்கைக்கு 11 வயது, தம்பிக்கு 8. அங்கே யாரோ டைவிங் போன போட்டோவைப் பார்த்ததில் இருந்து தங்கைக்கு அதே ஞாபகம். திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பயணம், விழுப்புரத்தில் இருந்தும் அப்படித்தான். அங்கே கடலுக்குள் அழைத்துப்போய் ஸ்கூபா செய்யவைப்பவர்கள் இருக்கிறார்கள். "டேய், நீதான் காலேஜ்ல படிக்கிறவன், நாலு இடத்துல விசாரிச்சு நல்லதா ஒண்ணு புக் பண்ணு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

நான் மூன்று இடங்களுக்குப் போன் செய்தேன். எது எந்த ஊரில் என்பதெல்லாம் வேண்டாம், ஆளைக் காட்டிக்கொடுப்பது என் நோக்கம் இல்லை.

முதல் இடத்தில் விலையைச் சொன்னார்கள். தம்பிக்கு எட்டு வயது என்றேன். "பரவால்ல தம்பி, ஃபார்ம்ல பத்துன்னு போட்டுக்கலாம்" என்றார்கள். எனக்கு அப்போது அது பெரிய உதவியாகத் தெரிந்தது!

இரண்டாவது இடத்தில் எந்தக் கேள்வியும் இல்லை. போட்டோ, வீடியோ இலவசம், குடும்பமாக வந்தால் தள்ளுபடி, அட்வான்ஸ் அனுப்புங்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது இடத்தில் விலையே சொல்லவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு என்ன வயது? இளைப்பு, வீசிங் உண்டா? காதில் சீழ் வந்திருக்கிறதா? இப்போது சளி இருக்கிறதா? எப்போது விமானம் ஏறுகிறீர்கள்? கடைசியாக ஒரு கேள்வி: "பசங்க ஆசைப்படுறாங்களா, நீங்க ஆசைப்படுறீங்களா?"

தம்பிக்குக் கடல் கிடையாது, வேண்டுமானால் நீச்சல்குளம் என்றார்கள். தங்கைக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது என்றதும், டாக்டர் பார்த்து எழுத்தில் கொடுத்தால்தான் உண்டு என்றார்கள். விமானம் திங்கள் விடியற்காலை என்றதும், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனிக்கிழமையோடு முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சித்தப்பாவிடம் சொன்னேன். "காசு கொடுக்கிறது நான். அவன் என்னை இன்டர்வியூ பண்றானா?" என்றார். நியாயமான கோபம் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனாலும் இவர்கள் ஏன் இத்தனை 'முடியாது' சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் ஒரு விஷயம். முதுகில் மாட்டும் சிலிண்டரை எல்லோரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறோம். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு பாயில் விதி ஞாபகம் இருக்கலாம். அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் பலூன் மாதிரி விரிந்துகொண்டே போகாது, கிழிந்துவிடும். அதனால்தான் ஸ்கூபாவின் முதல் பாடமே 'எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே, வேகமாக மேலே வராதே' என்பது.

இப்போது கிணற்றுக்கு வருவோம். கிணற்றில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? மூச்சைப் பிடி, பயந்தால் மேலே வா. பயந்துபோன குழந்தை இயல்பாகச் செய்வதும் இந்த இரண்டைத்தான். எந்தப் பழக்கம் கிணற்றில் உயிரைக் காப்பாற்றுமோ, அதுவே ஸ்கூபாவில் உயிரை எடுக்கும். இந்த ஒரு வரி புரிந்தவுடன் "கிணத்துல குதிச்ச பரம்பரை" பெருமை எனக்குப் போய்விட்டது.

வயது வரம்பும் யாரோ சும்மா எழுதிவைத்தது இல்லை. உலக அளவில் டைவிங் பயிற்சி தரும் பெரிய அமைப்புகளில் ஒன்று பி.ஏ.டி.ஐ. (1966-ல் தொடங்கியது). அதன் விதிப்படி 8 வயதுப் பிள்ளை நீச்சல்குளம் மாதிரி அடங்கிய தண்ணீரில் 2 மீட்டர் ஆழம் வரை மட்டும் மூச்சுவிட்டுப் பார்க்கலாம். பயிற்சி இல்லாமல் ஒரு நாள் அறிமுகமாகக் கடலில் இறங்க குறைந்தது 10 வயது. அதுவும் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது, பெரியவர்களுக்கும் இதே அளவுதான். முறையாகப் படித்து ஜூனியர் சான்றிதழ் வாங்கிய 10, 11 வயதுப் பிள்ளைகளும் 12 மீட்டருக்குள்தான், கூடவே பெற்றோரோ பாதுகாவலரோ பயிற்சியாளரோ இருக்க வேண்டும்.

புதுச்சேரிக் கடலில் டெம்பிள் ரீஃப் என்று கான்கிரீட்டும் இரும்பும் போட்டு உண்டாக்கிய ஒரு செயற்கைத் திட்டு இருக்கிறது. மீன்கள் குடியேறி அழகாக இருக்குமாம். அது இருப்பது சுமார் 18 மீட்டர் ஆழத்தில். உங்கள் 11 வயது மகளிடம் "அடி வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டுறோம்" என்று ஒருவர் சொன்னால், அவர் அன்பாகப் பேசவில்லை, விதியை மீறுகிறார் என்று அர்த்தம். இந்தக் கணக்கு தெரியாவிட்டால் அவர்தான் நமக்கு நல்லவராகத் தெரிவார்.

சளி பற்றிய கேள்விக்கும் காரணம் உண்டு. இறங்க இறங்க காதுக்குள் அழுத்தம் ஏறும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் குறுகலாக இருப்பதால் இது சிரமம். சளி இருந்தால் இன்னும் மோசம், செவிப்பறை கிழியலாம். இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டால், மேலே வரும்போது அதே பாயில் விதிதான். விமானம் பற்றிய கேள்வியும் அப்படியே. ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்திருக்கும். உடனே விமானத்தில் ஏறினால் அங்கே அழுத்தம் குறைவு, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் பரிந்துரை, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி. முடித்த கையோடு மலைமேல் ஏறுவதும் ஆகாது. அன்றைக்கே ஏற்காடு போகும் திட்டம் போட வேண்டாம்.

சரி, நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் நட்சத்திரக் குறிகளைப் பார்ப்போம். போட்டோ பார்ப்போம். விலையைப் பார்ப்போம். என் கருத்தில் இந்த மூன்றும் கடைசியில் பார்க்க வேண்டியவை. முதலில் கேட்க வேண்டியவை இவை.

1. என் பிள்ளையோடு இறங்கப்போவது யார்? கடையின் சான்றிதழ் சுவரில் தொங்கும். இறங்கப்போகிறவரின் எண் வேண்டும். பி.ஏ.டி.ஐ. பயிற்சியாளர் எண்ணை அந்த அமைப்பின் தளத்திலேயே சரிபார்க்கலாம். நல்ல ஆள் இதைக் கேட்டால் கோபப்படமாட்டார்.

2. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? பெரியவர்களுக்கு எப்படியோ போகட்டும். முதல்முறை இறங்கும் குழந்தைக்கு ஒருவருக்கு ஒருவர் என்று கேளுங்கள். பணம் கூட ஆகும், ஆகட்டும்.

3. முதலில் ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி உண்டா? முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது, வாயில் இருந்து குழாய் நழுவினால் எப்படித் திரும்ப மாட்டுவது. இவற்றைக் குழந்தை நிற்கும் ஆழத்தில் செய்துபார்க்காமல் நேரே படகில் ஏற்றினால் இறங்கி வந்துவிடுங்கள்.

4. குழந்தை அளவு சாமான் இருக்கிறதா? வழக்கமான அலுமினிய சிலிண்டரே 15 கிலோவுக்கு மேல். அதைத் தங்கை முதுகில் கட்டினால் அவள் சிலிண்டரைச் சுமக்கமாட்டாள், சிலிண்டர் அவளை இழுத்துப்போகும். முகமூடி, வாய்க்குழாய், உடுப்பு எல்லாமே சின்ன அளவில் வேண்டும்.

5. படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா? இது உண்மையான ஆக்சிஜன், முதலுதவிக்கானது. "இருக்கு" என்று சொன்னால் போதாது, காட்டச் சொல்லுங்கள். குமிழி நோய்க்கு வைத்தியம் செய்யும் அழுத்த அறை எந்த மருத்துவமனையில் இருக்கிறது, அவர்களின் போன் எண் என்ன என்றும் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

6. எல்லோரும் தண்ணீருக்குள் இருக்கும்போது படகில் யார்? தலை எண்ணுவது யார்?

ஆறாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும். 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு டைவிங் படகு, இரண்டு பேரைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டது. எண்ணியதில் பிழை. இரண்டு நாள் கழித்து அவர்களுடைய பை படகில் கிடந்ததைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. அந்தக் கணவன் மனைவி கிடைக்கவே இல்லை. இன்னொன்று, 2022 ஏப்ரல் 6, மலேசியாவின் மெர்சிங் கடற்பகுதி. பயிற்சி டைவ் முடித்து நான்கு பேர் மேலே வந்தால் படகைக் காணோம். அதில் ஒருவர் அப்பா, அவரோடு 14 வயது மகன். பயிற்சியாளர் மறுநாள் மீட்கப்பட்டார். அப்பாவும் இன்னொரு பெண்ணும் மூன்றாம் நாள் கிடைத்தார்கள். மகன் பிழைக்கவில்லை. படகோட்டி போதைப்பொருள் சோதனையில் சிக்கியதாகப் போலீஸ் சொன்னது. அந்த அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு போனபோது படகோட்டியைப் பற்றி யோசித்திருப்பாரா? நாம் யோசிப்போமா?

நம் நாட்டில் 2018-ல் சுற்றுலா அமைச்சகம் சாகசச் சுற்றுலாவுக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. அதில் ஸ்கூபாவும் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் புத்தகத்தில் இருப்பதைப் படகில் தேடிப்பார்ப்பது நம் வேலைதான்.

சித்தப்பா கடைசியில் மூன்றாவது இடத்துக்கே ஒப்புக்கொண்டார், அரைமனதோடு. விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் தங்கையைக் காட்டினோம். ஊதவைத்துச் சோதித்து, வீசிங் நின்று பல வருடம் ஆகிவிட்டது என்று எழுதிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை நீச்சல்குளம். தம்பி தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து குமிழி விட்டுக்கொண்டே இருந்தான், வெளியே வர மாட்டேன் என்று ஒரே அடம். தங்கை முகமூடிப் பயிற்சியை மூன்று முறை செய்து பாஸானாள். சனிக்கிழமை காலை கடல்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே போன் வந்தது. அலை அதிகம், இன்றைக்குப் போகவில்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். ஞாயிறு கேட்கவே முடியாது, விமானம். அவ்வளவுதான், அந்த வருடக் கணக்கு முடிந்தது. தங்கை அழுத அழுகை இருக்கிறதே... சித்தி தான் சமாதானப்படுத்தினார்.

இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்கே வேறொரு படகு அதே கடலில் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்து, "பாத்தியா, அவங்க போயிட்டு வந்துட்டாங்க. நீ தேடிப் புடிச்ச ஆளு பயந்தாங்கொள்ளி" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மஸ்கட் போன பிறகுதான் பதில் தோன்றியது (எனக்கு எப்போதும் இப்படித்தான் :-)).

பதில் இதுதான். 'ஒன்றும் ஆகவில்லை' என்பதுதான் உலகத்திலேயே மோசமான வாத்தியார். ஹெல்மெட் போடாமல் திண்டிவனம் பைபாஸில் போய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகாதபோது, தான் செய்வது சரி என்ற நம்பிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஆகிற அன்றைக்குத்தான் தெரிகிறது. போய் வந்த படகு நல்ல படகு என்பதற்கு, அது திரும்பி வந்தது சாட்சி இல்லை. போகாத படகு கோழை என்பதற்கும் சாட்சி இல்லை. கடலில் பிறந்து வளர்ந்த மரக்காணம் மீனவர்களே வானிலை எச்சரிக்கை வந்தால் படகைக் கரையில் ஏற்றிவைக்கிறார்கள். அவர்களை யாராவது பயந்தாங்கொள்ளி என்று சொல்வோமா?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அந்த ஆள் 'முடியாது' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவருக்குப் பண நஷ்டம். தம்பிக்குக் கடல் இல்லை என்றபோது ஒரு டிக்கெட் போனது. அலை என்றபோது அன்றைய வசூலே போனது. சொந்தக் காசை இழந்து ஒருவர் சொல்லும் 'முடியாது'வில் பொய் இருக்க வாய்ப்புக் குறைவு. "பத்துன்னு போட்டுக்கலாம்" என்றவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. லாபம் அவருக்கு, பொய்யில் கையெழுத்து நமக்கு. அந்தப் படிவத்தை நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

இப்படியெல்லாம் பார்த்தால் எந்த சந்தோஷத்தையும் அனுபவிக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். இல்லை. நான் ஸ்கூபா வேண்டாம் என்று சொல்லவில்லை. முறையாகச் செய்தால் குழந்தைக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. காலத்தைப் பார்த்துப் போங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பக்கத்துக் கடல் கலங்கிக் கிடக்கும். அந்தமானுக்கு ஜனவரி முதல் மே வரை நல்ல காலம். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை. எங்கே போனாலும் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொண்டு போங்கள். உபரி நாள் இல்லாதவர்தான் அலையிலும் இறங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார். நாங்கள் செய்த தப்பு அதுதான், அந்த ஆளின் தப்பு இல்லை.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவர் தன் இடுப்புக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பாராம். தன் அக்காவோ தங்கையோ தாலி இழக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. இன்றைக்கு நாம் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கயிற்றைக் கொடுக்கிறோம், அதுவும் நம் பிள்ளையின் கயிற்றை. அவர் மைத்துனன் ஆக முடியாது. ஆனால் மைத்துனன் கேட்கும் கேள்விகளையாவது கேட்கிறாரா என்று பார்க்கலாம் அல்லவா?

அதனால் போன் போடும்போது விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "கடைசியா எப்போ, என்ன காரணத்துக்கு ஒருத்தரை முடியாதுன்னு திருப்பி அனுப்பினீங்க?" உடனே ஒரு கதை சொன்னால் அங்கே புக் பண்ணுங்கள். "அப்படியெல்லாம் யாரையும் அனுப்பினதே இல்லீங்க" என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

போன வாரம் சித்தப்பா பேசினார். இந்த வருடம் லீவு பிப்ரவரியில், பத்து நாள் கையில் இருக்கிறதாம். "அந்த பயந்தாங்கொள்ளி நம்பர் வச்சிருக்கியா?" என்று கேட்டார். வைத்திருக்கிறேன்.